அப்பா பெயரில் வீட்டுக் கடன், இஎம்ஐ நிறுத்தலாமா?

கேள்வி: கடன் அப்பா பெயரில் மட்டும். தவறிட்டார். அம்மா, நான், தங்கை வாரிசுகள். இஎம்ஐ நிறுத்தலாமா?

பதில் 1: நிறுத்தாதீங்க. 90 நாளுக்கு மேல் பாக்கி நின்றால் வாராக்கடன். அப்புறம் சர்ஃபேசி சட்டப்படி (கோர்ட்டுக்குப் போகாமலே வங்கி அடமான வீட்டை எடுத்து விற்க வழிசெய்யும் சட்டம்) பாக்கியைக் கட்டச் சொல்லி 60 நாள் நோட்டீஸ். வங்கியில் இறப்புச் சான்றிதழ் கொடுக்கும்போதே கடனுக்கு இன்சூரன்ஸ் இருக்கான்னு கேளுங்க. ஒரே தடவை கட்டும் அதன் பிரீமியம் கடன் தொகையிலேயே சேர்ந்திருக்கலாம். வீட்டில் பலருக்குத் தெரியாது.

பதில் 2: இன்சூரன்ஸ் இல்லைன்னா, இ-சேவையில் வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பிங்க. ஜாமீன், கூட்டுக் கடன் கையெழுத்து போடாத வாரிசின் பொறுப்பு, வந்த சொத்தின் மதிப்பு வரைதான். கடனை உங்க பேருக்கு மாற்றிக் கையெழுத்திட்டால் அந்த வரம்பு போச்சு.

பதில் 3: கடனை முழுசா அடைத்த 30 நாளுக்குள் ஒரிஜினல் பத்திரம் வரணும், வங்கியால் தாமதமானால் வங்கி உங்களுக்கு நாளுக்கு 5,000 ரூபாய் தரணும் (ரிசர்வ் வங்கி விதி, 2023). அடமானத்தைப் பதிந்திருந்தால் சார்பதிவாளரிடம் அடமான ரத்து ரசீதும் பதியணும். இல்லைன்னா வில்லங்கச் சான்றில் அடமானம் அப்படியே நிற்கும்.