புதுப்பிப்பு: தம்பிக்கு எந்த விமானம்?

பைலட்டான என் தம்பி வேலை செய்யும் தனியார் ஜெட் கம்பெனி சைட்டேஷன் விமானங்களை விற்றுவிட்டு ஃபால்கன் விமானங்களை வாங்குகிறது, அவன் சீனியாரிட்டி போய்விடுமா என்று போன மாதம் கேட்டிருந்தேன்.

போகவில்லை. அங்கே சேர்ந்த தேதிதான் கணக்கு. விமானம் மாறினாலும் வரிசை மாறாது. ஆனால் ஃபால்கன் ஓட்ட உரிமத்தில் தனி டைப் ரேட்டிங், அதாவது அந்த வகை விமானத்தை ஓட்டும் தகுதி, ஏற வேண்டும். வகுப்பு, சிமுலேட்டர், தேர்வு எல்லாம் உண்டு. பயிற்சிக்கு இடம் குறைவு, மூத்தவர்கள் முதலில் போய்விட்டார்கள். இவன் இரண்டாவது அணி. அப்புறம், கேப்டனாக இருந்தவன் கொஞ்ச காலம் வலது இருக்கையில், துணை விமானியாக, உட்கார வேண்டுமாம். அதுதான் அவனுக்கு வலித்தது, எனக்கும்தான். சம்பளம் குறையாது என்று எழுத்தில் வாங்கிவிட்டான். அதைக் கேட்கச் சொல்லி இங்கே யோசனை தந்த அண்ணனுக்கு நன்றி.

இப்போது பாம்பன் வீட்டில் படிக்கிறான். உச்சிப்புளி கடற்படைத் தளத்து ஹெலிகாப்டர் சத்தம் கேட்டால் புத்தகத்தோடு வாசலுக்கு வந்துவிடுகிறான்.