இறக்கத்தில் பிரேக் பெடல் உள்ளே போகிறது. துளை போட்ட டிஸ்க் மாற்றினால் சரியாகுமா?

கேள்வி:

வணக்கம். என் கார் வாங்கி ஏழு வருடம் ஆகிறது, 92,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். மாதம் இரண்டு முறையாவது குடும்பத்தோடு, டிக்கி நிறையச் சாமானோடு ஒரு மலைப்பாதையில் ஏறி இறங்க வேண்டியிருக்கும்.

போன வாரம் இறங்கும்போது கடைசி நான்கைந்து வளைவுகளில் பெடல் கொஞ்சம் கொஞ்சமாக ஆழமாகப் போனது. ஒரு வளைவில் கிட்டத்தட்ட தரையைத் தொட்டுவிட்டது. படபடவென்று இரண்டு மூன்று முறை மிதித்த பிறகுதான் பிடித்தது. பின் சீட்டில் குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஓரமாக நிறுத்திய பிறகும் என் வலது கால் நடுங்குவது நிற்கவில்லை. அரை மணி நேரம் கழித்து மிதித்துப் பார்த்தால் ஒன்றுமே நடக்காதது போல் பெடல் கெட்டியாக இருக்கிறது.

பட்டறையில் காட்டினேன். துளையும் பள்ளக்கோடும் போட்ட டிஸ்க், கூடவே ரேஸ் பேட் போட்டால் இந்தத் தொல்லையே இருக்காது என்கிறார்கள். செலவு செய்யத் தயங்கவில்லை, ஆனால் சரியான பொருளுக்குச் செய்ய வேண்டும். என்ன வாங்கலாம்?

பதில் 1:

நான் இரண்டு வருடம் துளை டிஸ்க் போட்டு ஓட்டினேன். பார்க்க அழகாக இருக்கும். பிரேக் பிடிப்பில் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஒருநாள் டயர் மாற்றும்போது பார்த்தால் துளைகளின் ஓரத்திலிருந்து முடி போல விரிசல் ஓடியிருந்தது. மறுநாளே சாதாரண டிஸ்க்குக்கு மாறிவிட்டேன்.

பதில் 2:

நான் 22 வருடமாகப் பட்டறையில் வேலை பார்க்கிறேன். டிஸ்க் வாங்குவதை ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள். நீங்கள் சொன்ன அடையாளங்களை வைத்துப் பார்த்தால் கோளாறு டிஸ்க்கில் இருப்பதாகத் தெரியவில்லை.

சூட்டில் பிரேக் தோற்பது இரண்டு விதம். பெடல் கல் மாதிரி கெட்டியாக இருக்கும், எவ்வளவு அழுத்தினாலும் வண்டி நிற்காது என்றால் டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் பேட் தன் தாங்கும் அளவைத் தாண்டிவிட்டது. பேடில் இருக்கும் பிசின் வெந்து, பிடிப்பு வழுக்கிப் போகிறது. பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகிறது, பம்ப் அடித்தால் மீண்டும் பிடிக்கிறது, ஆறியதும் சரியாகிறது என்றால் பிரேக் ஆயில் கொதித்திருக்கிறது. உங்களுடையது இரண்டாவது. குழாய்க்குள் ஆவிக்குமிழி வந்துவிட்டால் உங்கள் கால் அந்தக் குமிழியைத்தான் அமுக்கும், பேடைத் தள்ளும் பிஸ்டனை அல்ல. ஆறினால் குமிழி மறுபடி திரவமாகிவிடும். அதனால்தான் அரை மணி நேரத்தில் எல்லாம் சரியானதாகத் தோன்றியது.

கடைசியாக எப்போது பிரேக் ஆயில் மாற்றினீர்கள்? அது காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் சரக்கு. டாட் என்பது பிரேக் ஆயிலின் தர எண். டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 140தான். டாட் 4 என்றால் 230, 155. டாட் 5.1 என்றால் 260, 180. ஏழு வருடப் பழைய ஆயிலை வைத்துக்கொண்டு மலை இறங்கியிருந்தால் எந்த டிஸ்க்கும் உங்களைக் காப்பாற்றாது. டாட் 5 என்று புள்ளி ஒன்று இல்லாமல் எழுதியிருப்பது சிலிக்கோன், அதை இதோடு கலக்கவே கூடாது.

இறக்கத்தில் எவ்வளவு சூடு உண்டாகிறது என்று ஒரு கணக்கு. 1,400 கிலோ வண்டி 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நின்றால் பிரேக்கில் சேரும் வெப்பம் சுமார் 540 கிலோஜூல். அதே வண்டி 600 மீட்டர் உயரம் இறங்கும்போது எங்காவது செலவாக வேண்டிய சக்தி 8,000 கிலோஜூலுக்கு மேல். பதினைந்து முறை 100லிருந்து நிறுத்துவதற்குச் சமம். இன்ஜின் தன் பங்கை வாங்கிக்கொள்ளாவிட்டால் பெரும்பாலும் எல்லாம் டிஸ்க் தலையில்தான் விழும். ஏறும்போது எந்தக் கியரோ இறங்கும்போதும் அந்தக் கியர் என்று பழைய டிரைவர்கள் சொல்வது இதனால்தான்.

நானும் இந்தத் தவறைச் செய்திருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் என் சொந்த வண்டிக்குக் கோடு போட்ட டிஸ்க் வாங்கி மாட்டினேன். ஆயிலைத் தொடவில்லை. அடுத்த முறை மலை இறங்கியபோது அதே வளைவில் பெடல் அதே மாதிரி உள்ளே போனது. அன்று முதல் இறக்கத்துப் புகாரோடு யார் வந்தாலும் ஆயில் டப்பா மூடியைத்தான் முதலில் திறக்கிறேன்.

சரி, டிஸ்க் விஷயத்துக்கு வருகிறேன். துளையிடும் வழக்கம், பேட் வெந்து நிறைய வாயு கக்கிய காலத்தில் பந்தய வண்டிகளில் வந்தது. இன்றைய பேடுகளில் அந்தத் தொந்தரவு ரொம்பக் குறைவு. துளை போட்டால் சூட்டை வாங்கி வைக்கும் இரும்புதான் குறைகிறது. என் மேசையில் அப்படி ஒரு டிஸ்க் கிடக்கிறது. இரண்டு துளைக்கு நடுவே விரல் நகத்தை ஓட்டினால் விரிசலில் மாட்டும். கோடு மட்டும் போட்டது பரவாயில்லை, தூசியை வழித்துவிடும், ஆனால் சத்தம் வரும், பேடும் கொஞ்சம் சீக்கிரம் தேயும். உங்களுக்கு வேண்டியது கம்பெனி அளவிலேயே, நடுவில் காற்றுப் போகும் இடைவெளி உள்ள, நல்ல வார்ப்பிரும்பு டிஸ்க். பெரிய டிஸ்க் போட்டால் பேடைப் பிடித்திருக்கும் காலிப்பரின் தாங்கி மாற வேண்டும், வீல் இடிக்கும், முன் பின் பிரேக் சமநிலையும் மாறும். ஒரே மிதியில் நிற்கும் தூரமும் குறையாது. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் அதிரும் அளவுக்கு மிதிக்க முடிகிறதென்றால் அங்கே எல்லை டயர்தான்.

பேடில் தாராளமாகச் செலவு செய்யுங்கள், ஆனால் ரேஸ் பேட் வேண்டாம். அது சூடேறினால்தான் கடிக்கும். காலையில் தெருமுனையில் குழந்தை குறுக்கே ஓடினால் அந்த முதல் மிதி குளிர்ந்த பேடில் விழும். பேட் விளிம்பில் இரண்டு எழுத்து அச்சிட்டிருக்கும், முதலாவது குளிர்ந்த நிலைப் பிடிப்பு, இரண்டாவது சூடான நிலை. ஈ என்றால் உராய்வு எண் 0.25 முதல் 0.35, எஃப் என்றால் 0.35 முதல் 0.45, ஜி என்றால் 0.45 முதல் 0.55. எஃப்எஃப் போதும். எஃப்ஈ என்று இருந்தால் சூட்டில் இறங்குகிறது என்று அர்த்தம், உங்கள் பாதைக்கு ஆகாது. ஐநா ஒழுங்குமுறை 90 முத்திரை இருந்தால் இன்னும் நிம்மதி. வண்டியோடு வந்த பேடின் செயல்திறனிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது என்று அதில் நிபந்தனை உண்டு.

முன் சக்கரங்களைக் கழற்றி இரண்டு பக்கமும் உள் பேட், வெளி பேட் தடிமனைத் தனித்தனியாக அளந்து இங்கே எழுதுங்கள். டிஸ்க் விளிம்பில் குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருக்கும், அதையும் பாருங்கள். பின் டிரம்மில் உள்ளிருந்து அழுத்தும் ஷூவின் அட்ஜஸ்ட்மென்ட் தளர்ந்திருந்தாலும் பெடல் ஆழமாகப் போகும், அதையும் விட்டுவிடாதீர்கள்.

கேள்வி கேட்டவர்:

அண்ணா, நேற்று கழற்றிப் பார்த்தோம். ஆயில் கறுத்த டீ டிக்காஷன் மாதிரி இருந்தது. வாங்கியதிலிருந்து மாற்றியதாக ரசீது எதுவும் இல்லை. வலது பக்கம் உள்ளும் வெளியும் 6 மில்லிமீட்டர். இடது பக்கம் வெளி பேட் 7, உள் பேட் 2. டிஸ்க் 20.3, அதில் பொறித்திருப்பது 20. பின் ஷூவும் தளர்வாகத்தான் இருந்தது, இறுக்கிவிட்டார்கள்.

பதில் 2:

இடது காலிப்பர் நகர உதவும் ஸ்லைடு பின் இறுகிப்போயிருக்கிறது. உள் பேட் டிஸ்க்கை விட்டு விலகாமல் உரசிக்கொண்டே ஓடியிருக்கும், அந்தச் சூடு நேரே பிஸ்டன் வழியாக ஆயிலுக்குப் போயிருக்கும். பின்னைக் கழற்றித் துருவைச் சுத்தம் செய்து, பிரேக்குக்கென்று வரும் சிலிக்கோன் கிரீஸ் போடச் சொல்லுங்கள். சாதாரண கிரீஸ் போட்டால் ரப்பர் ஊதிப்போய் மறுபடி இறுகும். பிஸ்டன் அதைத் தள்ளும் கருவியால் அழுத்தினால் சுலபமாக உள்ளே இறங்குகிறதா என்றும் பார்க்கட்டும்.

20.3க்கு அந்த டிஸ்க் முடிந்தது, லேத்தில் சீவ இடமில்லை. இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள், பேடும் நான்கும் புதிது. புது டிஸ்க்கை மாட்டுவதற்கு முன் டிஸ்க் உட்காரும் ஹப் முகத்தில் இருக்கும் துருவை கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, டயல் கேஜ் வைத்து டிஸ்க் சுழலும்போது ஆட்டம் பார்க்கச் சொல்லுங்கள். 0.05 மில்லிமீட்டருக்குள் இருந்தால் நல்லது. இந்த ஐந்து நிமிட வேலையை விட்டுவிட்டுச் சில ஆயிரம் கிலோமீட்டர் கழித்து ஸ்டீயரிங் உதறுகிறது, டிஸ்க் வளைந்துவிட்டது என்று வருபவர்கள் நிறைய. ஆயில் டாட் 4, முழுவதும் மாற்றி நான்கு சக்கரத்திலும் ஏர் எடுக்க, அதாவது குழாயில் இருக்கும் காற்றை வெளியேற்ற, வேண்டும். இனி இரண்டு வருடத்துக்கு ஒருமுறை.

பதில் 1:

புது பேடைப் பழக்குவதையும் சொல்லிவிடுங்கள். நான் அதைச் செய்யாமல் விட்டு, கீச்சுச் சத்தத்தோடு மாதக்கணக்கில் ஓட்டினேன்.

பதில் 2:

ஆமாம், விட்டுப்போனது. காலியான சாலையில் 60லிருந்து 10 வரை மிதமாக மிதித்துக் குறையுங்கள், முழுதாக நிற்க வேண்டாம். நடுவில் கொஞ்சம் ஓட விட்டு, இப்படிப் பத்து முறை. பிறகு பத்து நிமிடம் பிரேக் அதிகம் தொடாமல் ஓட்டி ஆறவிடுங்கள். சூடாக இருக்கும்போது மிதித்தபடியே நின்றால் பேட் சரக்கு அந்த இடத்தில் மட்டும் ஒட்டித் திட்டாகிவிடும்.

பேட் மாற்ற பிஸ்டனை உள்ளே தள்ளியிருப்பார்கள், அதனால் முதல் மிதி தரைக்குப் போகும். வண்டியை நகர்த்துவதற்கு முன் நின்ற இடத்திலேயே பெடல் கெட்டியாகும் வரை மிதியுங்கள். மலைக்கு முதல் முறை நீங்கள் மட்டும் தனியாகப் போய் இறங்கிப் பாருங்கள், பெடல் எந்த உயரத்தில் பிடிக்கிறது என்று கவனித்து இங்கே எழுதுங்கள். அதற்கு அடுத்த முறை குழந்தைகளைக் கூட்டிப் போகலாம்.