ஆட்டோகேட் இழுக்கிறது, கிராபிக்ஸ் கார்டு போட்டால் சரியாகுமா?

பாளை டிராஃப்ட்ஸ்மேன்:
அண்ணாச்சிமாரே, ஒரு யோசனை வேண்டும். சர்வே எடுத்து, ஆட்டோகேட் என்கிற வரைபட சாஃப்ட்வேரில் லேஅவுட் போடுவதுதான் நம்ம வேலை. ராதாபுரம் பக்கத்துக் காற்றாலை சைட் டிராயிங் ஒன்று, லெவல் பாயின்ட், கான்டூர் (சம உயரக் கோடு), எஃப்எம்பி (நில அளவைப் புலப்படம்) ஸ்கேன், கம்பெனிக்காரர்கள் அனுப்பிய பிளான் என்று எல்லாம் ஒரே ஃபைலில் கிடக்கிறது, திறப்பதற்குள் டீ குடித்துவிட்டே வந்துவிடலாம், ரீஜென் (படத்தைத் திரையில் புதிதாக வரைகிற கமாண்ட்) கொடுத்தால் மவுஸ் அப்படியே நின்றுவிடுகிறது. மெஷின் பழைய ஐ7, நாலு கோர் (சிப்பில் கணக்குப் போடும் பகுதி), எட்டு திரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை வரிசை), ரேம் 16 ஜிபி. ஆனால் டாஸ்க் மேனேஜரில் சிபியு 13 சதவீதத்தைத் தாண்டவே இல்லை, ரேமும் பாதி காலி. ஜங்ஷன் கடையில் 25,000 ரூபாய்க்குக் கிராபிக்ஸ் கார்டு போடச் சொல்கிறார்கள். போடலாமா?

தென்காசி சாரல்:
பொறுங்க தம்பி, காசை எடுக்காதீங்க. அந்த 13-தான் விஷயம். 100-ஐ எட்டால் வகுத்தால் 12.5, அதாவது ஒரு திரெட் மூச்சுமுட்ட ஓடுகிறது, மற்ற ஏழும் சும்மா உட்கார்ந்திருக்கின்றன. ஆட்டோகேடில் ஃபைல் திறப்பது, ரீஜென் எல்லாம் பெரும்பாலும் ஒரே கோரில்தான் நடக்கும். ரேமைக் கூட்டினாலும் இதில் மாற்றம் இருக்காது, கார்டு போட்டால் 3டி சுற்றிப் பார்க்கத்தான் நன்றாக இருக்கும்.

முதலில் ஃபைலைக் கழுவுங்கள். காப்பி எடுத்துக்கொண்டு ஆடிட் (ஃபைல் பிழைகளைச் சரிசெய்வது), அப்புறம் பர்ஜ் (பயன்படாததை நீக்குவது). பர்ஜுக்கு முன்னால் கழித்தல் குறி போட்டு அடித்தால் கமாண்ட் லைனில் ரெக்ஆப்ஸ் (பிற சாஃப்ட்வேர்கள் ஃபைலில் விட்டுப்போன பெயர்ப் பதிவுகள்) என்று ஒன்று வரும், அதையும் கொடுங்கள். பல கை மாறி வந்த பிளானில் இந்தக் குப்பைதான் ஆயிரக்கணக்கில் சேர்ந்திருக்கும், திரையில் ஒன்றுமே தெரியாது. ஸ்கேல் லிஸ்ட்டும் (அளவு விகிதப் பட்டியல்) அதே மாதிரி வீங்கியிருக்கும், ரீசெட் பண்ணிவிடுங்கள். ஓவர்கில் (ஒன்றின்மேல் ஒன்று கிடக்கும் கோடுகளை நீக்குகிற கமாண்ட்) மட்டும் பார்த்து: முனையோடு முனை ஒட்டிய கோடுகளை ஒன்றாக்குகிற டிக் ஒன்று உண்டு, அந்த டிக்கை நீக்காமல் விட்டால் அடுத்தடுத்த பிளாட் எல்லைகள் ஒரே நீளக் கோடாகிவிடும், அப்புறம் பரப்பளவு எடுக்க உட்கார்ந்து அழ வேண்டும்.

வள்ளியூர் சங்கிலி:
எஃப்எம்பி ஸ்கேனையும் கவனியுங்கள், அதிக டிபிஐ (ஸ்கேன் நுணுக்கம்) உள்ள டிஃப் வகைப் படம் என்றால் பேன் பண்ணும்போதே (திரையில் நகர்த்தும்போதே) திணறும். டிரேஸ் முடிந்ததும் எக்ஸ்ரெஃப் (வெளி ஃபைல் இணைப்பு) பேலட்டில் அன்லோட் பண்ணுங்கள் (இணைப்பு இருக்கும், படம் மட்டும் மறையும்), டிட்டாச் (இணைப்பையே அறுப்பது) வேண்டாம், தாசில்தார் ஆபீஸில் ஒரு சந்தேகம் கேட்டால் திரும்பத் தேவைப்படும்.

இன்னொன்று, யூனிட் என்ன? ராதாபுரம் யுடிஎம்மில் (உலகை மண்டலங்களாகப் பிரித்து இடத்தை எண்ணால் சொல்கிற முறை) 43-ஆவது மண்டலம், மீட்டரில் என்றால் ஈஸ்டிங் (கிழக்குத் திசை எண்) ஏறக்குறைய எட்டு லட்சம், அது பரவாயில்லை. கட்டடப் பிளான்காரர்கள் மில்லிமீட்டரில் போட்டு அதே இடத்தில் கொண்டுவந்து வைத்தால் எண் எண்பது கோடிக்குப் போய்விடும், ஹேட்ச் (கோடு போட்டு நிரப்புவது) உடையும், ஸ்நாப் (புள்ளியில் சரியாக ஒட்டுவது) தடுமாறும். அதற்காக சர்வே பாயின்ட்டை மூவ் பண்ணித் தொலைக்காதீங்க! பிளானை ஆரிஜின் (0,0 புள்ளி) பக்கத்தில் தனி ஃபைலாக வைத்து எக்ஸ்ரெஃப் பண்ணுங்கள்.

களக்காடு வாழைத்தோட்டம்:
சிபியு ஃபேனைத் திறந்து பார்த்தீங்களா வே? நம்ம ஊர் சித்திரை வெயிலும் ரோட்டுத் தூசியும் சேர்ந்தால் சூடு ஏறி சிப் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ரீஜென் ஓடும்போது டாஸ்க் மேனேஜரில் கிகாஹெர்ட்ஸ் எண் இறங்குகிறதா என்று பாருங்கள்.

பாளை டிராஃப்ட்ஸ்மேன்:
ரெக்ஆப்ஸ் கழுவினதில் ஃபைல் பாதிக்கும் கீழே வந்துவிட்டது, ரீஜென்னில் இப்போது மவுஸ் நிற்பதில்லை. கிகாஹெர்ட்ஸ் இறங்கவில்லை. திறப்பதுதான் இன்னும் கொஞ்சம் மெதுவாக இருக்கிறது, ஹார்ட் டிஸ்க் பழைய சுழல்கிற வகை.

தென்காசி சாரல்:
அப்போ ஒரு எஸ்எஸ்டி (சுழலாத, வேகமான டிஸ்க்) போடுங்கள், கார்டு விலையில் சிறு பங்குதான் ஆகும். பின்னால் மெஷினே மாற்றினால் கோர் எத்தனை என்று கேட்காதீங்க, ஒற்றைக் கோர் வேகம் எவ்வளவு என்று கேளுங்கள்.