பள்ளி இடைவேளை நேரத்தை இத்தாலிய மொழியில் எப்படிக் கேட்பது?

வணக்கம். இத்தாலியின் பலெர்மோவில் இருக்கிறோம். மகள் அரச ஆரம்பப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு. முழுநேர வகுப்பு, கிழமைக்கு 40 மணித்தியாலம். மதியச் சாப்பாடும் பள்ளி மென்சாவில்தான் (உணவுக்கூடம்).

அவளுக்கு டைப் 1 நீரிழிவு. காலை மெரெந்தா (சிற்றுண்டி) எத்தனை மணிக்கு, மதியம் சாப்பிட்ட பிறகு எவ்வளவு நேரம் முற்றத்தில் ஓடி விளையாடுகிறார்கள் என்று தெரிந்தால்தான் இன்சுலின் அளவைத் திட்டமிடலாம் என்கிறார் டாக்டர். ஓடி விளையாடினால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும், அதுதான் எனக்குப் பயம்.

மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டு ஆசிரியைக்கு அனுப்பினேன். அது இடைவேளையை 'வகான்சே' (விடுமுறை) என்று மாற்றிவிட, நத்தார் விடுமுறைத் தேதிகள் பதிலாக வந்தன. வாசலில் நேரே கேட்டபோது மென்சா நேரத்தை மட்டும் சொன்னார். நல்ல மனுசி, ஆனால் அந்த நெரிசலில் நின்று பேச முடியாது. மின்பதிவேட்டில் பாட அட்டவணை மட்டும் இருக்கிறது. மகளைக் கேட்டால் "மணி அடிச்சதும்" என்கிறாள், அவளுக்கு இன்னும் மணி பார்க்க வராது.

இப்போது இப்படி எழுதி வைத்திருக்கிறேன்: "பொத்ரெப்பெ தீர்மி ஆ கே ஓரா எ லா ரிக்ரெயாத்சியோனே எ க்வாந்தோ தூரா?" (இடைவேளை எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியுமா?) பக்கத்து வீட்டு அக்கா இடைவேளையை 'இன்தெர்வால்லோ' என்றும் சொல்வார்கள் என்கிறார்.

காலை இடைவேளை, சாப்பாட்டுக்குப் பிந்திய இடைவேளை இரண்டின் நேரமும் ஒரே பதிலில் கிடைக்க, இந்த வாக்கியத்தை எப்படி மாற்றி எழுத வேண்டும்?