பர்ன்ஸின் ‘டு எ மவுஸ்’ கவிதையில் சந்தம் பிரிப்பது எப்படி?

கேள்வி:
ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் 1785இல் எழுதிய எலிக் கவிதையைப் பற்றி (உழும்போது வளை உடைந்த எலியிடம் உழவர் பேசுவது) ஒரு கட்டுரை எழுத வேண்டும். கையேட்டில் ஐயாம்பிக் டெட்ராமீட்டர் (அழுத்தமில்லாத அசையும் அழுத்தமுள்ள அசையும் சேர்ந்த இணை, வரிக்கு நாலு) என்று போட்டிருக்கிறது, அப்படியானால் வரிக்கு எட்டு அசை இருக்க வேண்டுமே? முதல் வரி ‘வீ, ஸ்லீகிட், கௌரின், டிம்ரஸ் பீஸ்டி’யை விரல் விட்டு எண்ணினால் ஒன்பது வருகிறது. நாலாவது, ஆறாவது வரிகள் ஐந்திலேயே நின்றுவிடுகின்றன. இதை என்ன வடிவம் என்று எழுதுவது?

பதில் 1:
அசையை விடுங்கள், அழுத்தத்தை எண்ணுங்கள். ஸ்லீ, கௌ, டிம், பீஸ் என்று நாலு இடத்தில் குரல் ஏறுகிறது (‘வீ’யும் லேசாக ஏறும், அதனால் கணக்கு மாறாது). கடைசி ‘டி’ அழுத்தமில்லாத உபரி அசை, ஃபெமினைன் எண்டிங் என்பார்கள். வடிவத்தின் பெயர் ஸ்டாண்டர்ட் ஹேபி. ஆறு வரி. 1, 2, 3, 5 நாலு அழுத்தத்தோடு ஒரே இயைபு. 4, 6 இரண்டு அழுத்தத்தோடு வேறு இயைபு. கில்பார்க்கன் ஊர்க் குழலிசைக்காரர் ஹேபி சிம்சன் மேல் 17ஆம் நூற்றாண்டில் ராபர்ட் செம்பில் பாடிய இரங்கற்பாவிலிருந்து வந்த பெயர். பர்ன்ஸ் இதிலேயே எழுதித் தள்ளியதால் பர்ன்ஸ் ஸ்டான்ஸா என்றும் சொல்கிறார்கள்.

பதில் 2:
பெயரைச் சொல்வதோடு நிறுத்தினால் கட்டுரை தேறாது. அந்தக் குட்டை வரி என்ன செய்கிறது என்று பாருங்கள். ஐந்தாவது பத்தியில் குளிருக்கு இங்கேயே இருந்துவிடலாம் என்று எலி நினைப்பதோடு நாலாவது வரி சட்டென்று முடிகிறது. அடுத்த நீள வரி ‘டில் க்ராஷ்!’ என்று தொடங்கி, கலப்பைக் கொழு வளையைப் பிளந்துகொண்டு போகிறது. இன்னொன்று, முதல் இரண்டு பத்திகளில் எல்லா வரியும் அந்த உபரி அசையோடு முடிகின்றன. 4ஆம், 6ஆம் பத்திகளில் நீள வரிகள் மட்டும் அப்படி. கடைசி இரண்டு பத்திகளில் ஒன்றுகூட இல்லை. எலியோடு கொஞ்சிப் பேசுகிறவரை குழைந்து வந்த குரல், தன் கதைக்குத் திரும்பியதும் அழுத்தத்திலேயே வெட்டி வெட்டி நிற்கிறது.

பதில் 3:
அது பர்ன்ஸ் திட்டமிட்டுச் செய்ததா என்பது சந்தேகம்தான், 3ஆம் பத்தியின் வரிகளும் 5ஆம் பத்தியின் வரிகளும்கூட உபரி அசை இல்லாமல்தானே முடிகின்றன? எனக்கு இயைபுதான் பிடிக்கும். ‘ஹேஸ்டி’க்கு ‘சேஸ் தீ’, ‘ரூயின்’னுக்கு ‘நியூ ஏன்’ என்று இரண்டு சொல்லை ஒட்டவைத்து இயைபு பிடிப்பது கேலிப்பாட்டு உத்தி. செம்பில் பாட்டிலேயே பாதி கிண்டல்தான். அந்த மெட்டில் ஓர் எலியின் வீடு இடிந்ததைப் பாடி நம்மை உருக வைக்கிறார் மனிதர்.

கேட்டவர்:
சரி, அப்போ 5ஆம் பத்தியை எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். நன்றி.