8 மெகாஹெர்ட்ஸ்ல கூட இவ்ளோ நாய்ஸ் வருமா?

பாலக்கோடு_பையன்:
அண்ணா யாராச்சும் சொல்லுங்க, மண்டை காயுது. ஃபைனல் இயர் ப்ராஜெக்ட், ரெண்டு லேயர் போர்டு, 7 டேட்டா லைனும் டிஸ்ப்ளேவோட எனேபிள் லைனும் (டேட்டாவ எப்ப எடுத்துக்கணும்னு டிஸ்ப்ளேக்கு சொல்றது) ஒரே 74ஏசி245 (8 லைன் பஃபர் சிப்) வழியா போகுது, எல்லாம் 5 வோல்ட், க்ளாக் வெறும் 8 மெகாஹெர்ட்ஸ். மத்த நேரம் ஒழுங்கா இருக்கு, 7 டேட்டாவும் ஒண்ணா 1-ல இருந்து 0-க்கு விழுறப்ப மட்டும் சும்மா 0-ல கிடக்குற எனேபிள்ல ஒரு ஸ்பைக், ஸ்கிரீன் பூரா குப்பை எழுத்து. ஆசிலோஸ்கோப்புல 2 வோல்ட் காட்டுது. எங்க சார் க்ளாக்க குறைங்கறாரு, 1 மெகாஹெர்ட்ஸ்ல வச்சும் அதே கதை தான்.

ஓசூர்_லேஅவுட்:
தம்பி க்ளாக்க விடு, எட்ஜ் தான் வில்லன், அதாவது 1-ல இருந்து 0-க்கு விழுற வேகம். ஏசி சிப் 2 நானோசெகண்ட்ல விழும், நீ நிமிஷத்துக்கு ஒரு தடவை மாத்துனாலும் அதே வேகம் தான். த்ரீ பேஸ் கரண்டு வந்ததும் ஊர்ல அத்தனை தோட்டத்து மோட்டாரும் ஒரே நேரத்துல எடுத்தா வீட்டு லைட்டு மங்குதுல்ல, அதே தான். 7 லைன் கரண்டும் 10ஆம் நம்பர் கிரவுண்டு கால் ஒண்ணு வழியா வெளிய போகணும். டிப் பேக்கேஜ்ல (ரெண்டு பக்கமும் கால் நீட்டுற சிப்) அந்த மூலைக் காலுக்கு சுமாரா 10 நானோஹென்றி இண்டக்டன்ஸ் (கரண்டு சட்டுனு மாறுறத எதிர்க்குற குணம்) வை. லைனுக்கு 20 மில்லிஆம்ப்னா மொத்தம் 140, அது 2 நானோசெகண்ட்ல பாஞ்சா 0.7 வோல்ட். அவ்ளோ தூரம் சிப்போட உள் கிரவுண்டே எழும்புது, எனேபிளும் கூடவே ஏறும். டிடிஎல் (5 வோல்ட் லாஜிக் வகை) இன்புட் 0.8 வோல்ட் வரைக்கும் தான் 0-னு எடுத்துக்கும், 0.7 அதுக்கு கிட்டத்துலயே வந்துடுச்சு. சிப்ப சாக்கெட்ல சொருகியிருந்தா இண்டக்டன்ஸ் கூடி இன்னும் மோசம்.

சால்டர்_புகை:
அந்த 2 வோல்ட்ட அப்படியே நம்பாத ப்ரோ. ஸ்கோப் ப்ரோப்போட முதலை கிளிப் கிரவுண்டு வயர் ஒரு சாண் இருக்கும், அதுவே ரிங் ஆகும் (தானா அதிர்ந்து இல்லாத வோல்ட்டையும் காட்டும்). கிளிப்ப கழட்டிட்டு முனையில ஸ்பிரிங் மாட்டி பக்கத்து கிரவுண்டுலயே வச்சு பாரு.

பாலக்கோடு_பையன்:
ஸ்பிரிங் இல்ல, கம்பி சுத்தி வச்சேன், 2 வோல்ட் 1.1 ஆயிடுச்சு!! சாக்கெட் தான் போட்டிருக்கேண்ணா 😅 0.1 மைக்ரோ கெப்பாசிட்டர் இன்னும் நாலு போட்டா போயிடுமா?

ஓசூர்_லேஅவுட்:
போகாது. 20ஆம் கால் (5 வோல்ட் வர்ற கால்) ஓரமா ஒண்ணு கண்டிப்பா வேணும், ஆனா காலுக்குள்ளயே இருக்குற இண்டக்டன்ஸ வெளிய வைக்கிற கெப்பாசிட்டர் என்ன பண்ணும். ஏசிய புடுங்கிட்டு 74ஹெச்சி245 போடு, கால் எல்லாம் அதே வரிசை, எட்ஜ் மெதுவா விழும், உன் டிஸ்ப்ளேக்கு தாராளம். ஒவ்வொரு லைனுக்கும் சிப் பக்கமா 33 ஓம் சீரியஸ்ல வை. அடுத்த போர்டுல எனேபிள வேற சிப்புக்கு மாத்து, கீழ் லேயர் முழுசும் கிரவுண்டா விட்டுடு.

பாலக்கோடு_பையன்:
இங்க கடையில ஹெச்சி இல்லைங்கறாங்க, சனிக்கிழமை பெங்களூர் எஸ்பி ரோடு (எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெரு) போறேன். வேற ஏதாச்சும் வாங்கணுமாண்ணா?

சால்டர்_புகை:
என்ன வேணா வாங்கு, சாக்கெட் மட்டும் வாங்காத.