மறுமொழி: 'காற்றோட்ட உணரி' வேண்டாம், 'காற்றுநிறைமானி' எனலாம்

நண்பர்களுக்கு வணக்கம். வண்டிப் பாகங்களுக்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் பட்டியலில், எஞ்சினுக்குள் போகும் காற்றை அளக்கும் ஏர் ஃப்ளோ சென்சாருக்கு வந்த கருத்துகளுக்கு இது என் பதில்.

> ஏர் ஃப்ளோ சென்சார் = காற்றோட்ட உணரி. எளிமையாக இருக்கிறது, இதையே வைத்துக்கொள்ளலாமே?

எளிமைதான், மறுக்கவில்லை. ஆனால் காற்றோட்டம் என்றதும் நமக்கு ஜன்னல்தான் நினைவுக்கு வருகிறது. "வீடு நல்ல காற்றோட்டமாக இருக்கிறது" என்கிறோம். எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கிராம் கணக்கில் அளக்கிற ஒரு கருவிக்கு அந்தச் சொல் பொருந்தவில்லை.

இங்கே முக்கியமானது நிறை. ஒரு லிட்டர் காற்று 0 டிகிரியில் சுமார் 1.29 கிராம், 40 டிகிரியில் 1.13 கிராம்தான். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறினால் இன்னும் இலேசாகிவிடும். ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். ஆகவே எத்தனை லிட்டர் காற்று வந்தது என்பது மட்டும், பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் எஞ்சின் கணினிக்குப் போதாது, எத்தனை கிராம் என்று தெரிய வேண்டும். அதற்காகத்தான் காற்றுப் பாதையில் ஒரு சூடான கம்பியை வைக்கிறார்கள். கடந்து போகும் காற்று அதைக் குளிர்விக்கும். சூடு இறங்காமல் வைத்திருக்க எவ்வளவு மின்னோட்டம் கொடுக்க வேண்டியிருக்கிறது என்பதிலிருந்து காற்றின் நிறை தெரிந்துவிடும்.

1970களில் வந்த, ஜெர்மனியின் போஷ் நிறுவனத்து எல்-ஜெட்ரானிக் என்ற பெட்ரோல் செலுத்தும் அமைப்பில் கம்பி கிடையாது. காற்று தள்ளத் தள்ளத் திறக்கும் ஒரு மடல்தான் இருந்தது. ஜெர்மன்காரர்கள் மடல் வைத்ததற்கு 'லுஃப்ட்மெங்கன்மெஸ்ஸர்' என்றும், பின்னால் வந்த கம்பிக்கு 'லுஃப்ட்மாசன்மெஸ்ஸர்' என்றும் பெயர் வைத்தார்கள். லுஃப்ட் காற்று, மெங்க அளவு, மாச நிறை, மெஸ்ஸர் மானி. நாமும் அப்படியே காற்றளவுமானி, காற்றுநிறைமானி என்று பிரித்துக்கொள்ளலாம். எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது பாருங்கள்.

> சென்சார் எல்லாமே உணரிதானே, இது மட்டும் ஏன் மானி?

நியாயமான கேள்வி. புகைக்குழாயில் இருக்கும் சாதாரண ஆக்சிஜன் சென்சார், கலவையில் பெட்ரோல் கூடிவிட்டதா குறைந்துவிட்டதா என்று மட்டும் சொல்லும். அது உணர்கிறது, உணரி சரி. இதுவோ விநாடிக்கு இத்தனை கிராம் என்று எண்ணாகவே சொல்கிறது. அளப்பதை மானி என்பதுதான் நம் வழக்கம்.

> இலங்கையில் எங்களுக்கு 'நிறை' என்றால் எடை. நீங்கள் நிறை என்பதை நாங்கள் திணிவு என்போம்.

இதை எழுதிய அண்ணனுக்கு நன்றி, நான் யோசிக்கவே இல்லை. பட்டியலில் 'காற்றுத்திணிவுமானி' என்பதையும் பக்கத்திலேயே போட்டுவிடுவோம். ஒன்றை வைத்து மற்றதை அடிக்க வேண்டாம்.

அடுத்த சொல்லுக்கு வருகிறேன்: மானியில் படாமல் எஞ்சினுக்குள் புகும் காற்று, அதாவது 'அன்மீட்டர்ட் ஏர்'. இதில் எனக்குச் சொந்த அனுபவம் உண்டு. போன வருஷம் என் வண்டி சிக்னலில் நிற்கும்போது குலுங்க ஆரம்பித்தது. ஸ்கேனர் போட்டதில் பி0171 என்று வந்தது, அதாவது பெட்ரோல் போதவில்லை. பட்டறையில் உடனே ஏர் ஃப்ளோ சென்சாரை மாற்றிவிட்டார்கள். பணம் போனது, குலுக்கல் போகவில்லை. கடைசியில் பார்த்தால், காற்று வரத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில் கதவுக்குப் பின்னால் ஒரு சின்ன ரப்பர் வேக்குவம் குழாயில் வெடிப்பு. மானியைத் தாண்டிய பிறகு உள்ளே புகுந்த காற்று அது. மானி அதைப் பார்க்கவே இல்லை, அதனால் கணினியும் அதற்கேற்ற பெட்ரோலைக் கொடுக்கவில்லை.

இதை 'அளக்கப்படாத காற்று' என்று ஒருவர் மொழிபெயர்த்திருந்தார். நான் 'கணக்கில் வராத காற்று' என்பேன். கணக்கில் வராத பணம் என்று நாம் பேசுவதில்லையா, அதே பொருள்தான். மெக்கானிக் தம்பியிடம் சொல்லிப் பார்த்தேன், சட்டென்று பிடித்துக்கொண்டார்.

குழாய்க் கசிவா, மானிக் கோளாறா என்று பிரித்துக் கண்டுபிடிக்க, கணினி கூட்டிக் குறைக்கும் பெட்ரோல் விகிதத்தை (ஃபியூயல் ட்ரிம்) ஸ்கேனரில் பார்க்க வேண்டும். ஐடிலில், அதாவது வண்டி நின்றபடி எஞ்சின் சும்மா ஓடும்போது, இந்தக் கூடுதல் அதிகமாக இருந்து, நிமிடத்துக்கு 2,500 சுற்றுக்கு ஏற்றியதும் இறங்கினால் குழாய்க் கசிவைத் தேடுங்கள். கசியும் காற்று ஐடிலில்தான் பெரிய பங்கு. நேர்மாறாக, வேகமும் பாரமும் ஏற ஏறக் கூடுதலும் ஏறினால், கம்பியில் அழுக்குப் படிந்து மானி குறைத்துக் காட்டுகிறது என்று சந்தேகப்படலாம். எஞ்சின் சூடாகி, ஏசி அணைந்திருக்கும்போது, 1.8 லிட்டர் எஞ்சினில் ஐடிலில் மானி விநாடிக்கு 2 முதல் 4 கிராம் வரை காட்டுவது இயல்பு. இணைப்பைக் கழற்றியதும் வண்டி நன்றாக ஓடினாலும் மானியின்மேல் சந்தேகம் வரும், ஆனால் அது முடிவான சாட்சி இல்லை. அப்போது கணினி த்ராட்டில் திறப்பையும் சுற்று வேகத்தையும் வைத்து உத்தேசமாக ஓட்டுகிறது, அவ்வளவுதான்.

அப்புறம் ஒன்று: கம்பியைத் துணியாலோ பிரஷ்ஷாலோ தொடாதீர்கள். அதற்கென்று தனி ஸ்ப்ரே இருக்கிறது, கார்புரேட்டர் ஸ்ப்ரே வேண்டாம்.

மேலே 'கூடுதல்' என்று ஒப்பேற்றிய ஃபியூயல் ட்ரிம்முக்குத்தான் எனக்கு இன்னும் சொல் சிக்கவில்லை. 'எரிபொருள் திருத்தம்' என்றால் எரிபொருளையே ஏதோ சுத்திகரிப்பது போல ஒலிக்கிறது. 'ஊட்டத் திருத்தம்' எப்படி? பட்டறையில் வேலை செய்கிற நண்பர்கள் முதலில் சொல்லுங்கள்.